ஆங்கிலக் கட்டுரையும் நம் மாணாக்கரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



"க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரைக்கும் ஆங்கில இலக்கிய வினாக்களுக்கும் விடை எழுதும் முறை" என்னும் விடயம் பற்றி அரைமணி நேரம் பேசும்படி செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். தலைப்பைச் சொல்லி முடிக்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. நான் ஆசிரியன் அல்லேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், வாசிகசாலை மண்டபத்தில் நமது சங்கம் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரண்டு வருடமாக அங்கே கண்டதும் பட்டதும் தவறியதுமே என்னிடமுள்ள சரக்கு. அதற்கு மேல் எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை இப்பொழுதே மன்னித்துவிட வேண்டும்.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். "மறக்க முடியாத ஒரு பயணம்" என்ற பொருள் பற்றி ஆங்கிலத்தில் 200 சொற்களளவில் எழுதும்படி சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் கொப்பிகள் வந்து சேர்ந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு வாசிக்கத் தொடங்கினேன். முதலாவது பிள்ளை நுவரெலியாவுக்குப் போயிருந்தது. இரண்டாவதும் நுவரெலியா. மூன்றாவதும் அப்படியே. எண்ணிப் பார்த்தபொழுது பதினான்கு பேர் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். பதினான்கு பேரும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். பதினான்கு பேரும் றம்பொடை நீர்வீழ்ச்சியின் அருகே சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்கள். பதினான்கு பேருக்கும் இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்திருந்தாள். முடிவிலே பதினான்கு பேரும் உடலிற் களைப்போடும் உள்ளத்தில் மகிழ்ச்சியோடும் வீடு திரும்பினார்கள். ஒரே பஸ்ஸில் போனவர்கள்கூட இத்தனை ஒற்றுமையாகப் பயணம் செய்திருக்கமாட்டார்கள்.

அடுத்த கிழமை அவர்களில் ஒருவனை அழைத்து, "தம்பி, நுவரெலியாவில நல்ல குளிரோ?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணா. நான் அங்க போகேல்லை."

"பிறகு என்னெண்டு எழுதினனீ?"

"ரியூசனில தந்த கட்டுரை அண்ணா. பயணம் எண்டு வந்தால் அதைத்தான் எழுதச் சொன்னவை."

அவன் ஒளிக்கவுமில்லை, நாணவுமில்லை. கணக்குப் பாடத்துக்கு வாய்பாடு பாடமாக்குவதுபோல ஆங்கிலத்துக்கு நுவரெலியாவைப் பாடமாக்கியிருந்தான். அதிலே பிழை ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. "சரி, நீ உண்மையாப் போன இடம் ஒண்டைச் சொல்லு" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்பாவோட சந்தைக்குத்தான் போறனான்" என்றான். அது ஒரு பயணமாகுமா என்ற ஐயம் அவன் முகத்திலே இருந்தது.

அவன் தகப்பனார் வெங்காயம் செய்கிறவர். விடியற்புறம் மூன்றரை மணிக்கு எழும்பி லாண்ட்மாஸ்ரரில் மூடைகளை ஏற்றுவார்கள். மூடைகளின் மேலே இவன் இருப்பான். குளிருக்குத் தகப்பனாரின் பழைய சால்வையைத் தலையோடு போர்த்திக்கொள்வான். பெட்டியின் குலுக்கத்தில் நித்திரை கொள்ளவும் முடியாது, விழித்திருக்கவும் முடியாது. வழியிலே ஒரு கோயிலடியில் தகப்பனார் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு கையால் கும்பிட்டுக்கொள்வார். சந்தையிலே தராசுக்காரர் நிறுப்பார். நூறு கிலோ நிறுத்தால் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு தருவார்கள். தகப்பனார் ஒரு நாள் அதைப் பற்றி வாய் திறந்து கேட்டார். "விருப்பமில்லையெண்டால் திருப்பிக் கொண்டுபோ" என்றார்களாம். திரும்பி வரும்போது தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசவில்லை, கோயிலடியில் கும்பிடவுமில்லை.

இதையெல்லாம் அவன் தமிழிலே சொல்லிக்கொண்டு போனான். மற்றப் பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இதை இங்கிலிஷில எழுது" என்றேன். அவன் திகைத்துப்போய், "கழிவுக்கு இங்கிலிஷில என்ன அண்ணா?" என்று கேட்டான்.

அன்பர்களே, எனக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கும் நான் ஒரு வெங்காயச் சந்தைச் சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் நின்றேன். அகராதியைப் பார்த்தோம். அது தந்த சொற்களிலே ஒன்று குப்பையைக் குறித்தது. மற்றொன்று கடைக்காரன் வாங்குபவனுக்கு விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியைக் குறித்தது. இரண்டும் பொருந்தவில்லை. கடைசியில் வகுப்பின் பின்வாங்கிலிருந்த ஒரு சிறுமிதான் வழி காட்டினாள். "சொல்லு வேண்டாம் அண்ணா, நடந்ததைச் சொன்னால் காணும்தானே" என்றாள். அப்படியே எழுதினோம். "வீ கிவ் ஹன்ட்றட் கிலோஸ். தே பே ஃபோர் நைன்ரி." நாங்கள் நூறு கொடுக்கிறோம், அவர்கள் தொண்ணூறுக்குக் காசு தருகிறார்கள். இரண்டு சிறு வாக்கியங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். அந்தப் பதினான்கு நுவரெலியாக் கட்டுரைகளிலும் இவ்வளவு அழுத்தமான ஆங்கிலம் இருக்கவில்லை.

கட்டுரை எழுதும் முறை பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதியை அந்தச் சிறுமி சொல்லிவிட்டாள். சொல் கிடைக்காவிட்டால் நடந்ததைச் சொல்லு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் மறுபக்கமாகப் போகிறார்கள். பெரிய சொல் ஒன்றை எங்கோ கேட்டுவைத்துக்கொண்டு, அதை வைப்பதற்கு ஓர் இடம் தேடி அலைகிறார்கள்.

இனி, வாக்கியப் பிழைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் விடும் பிழைகளை மூடத்தனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவை தமிழறிவின் அடையாளமாகவே தோன்றுகின்றன. தமிழிலே "அவர் ஆசிரியர்" என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. இடையிலே வினைச்சொல் வேண்டியதில்லை. ஆகவே பிள்ளை ஆங்கிலத்திலும் "ஹீ ரீச்சர்" என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் பல பெயர்களின் முன் வந்து நிற்கும் "ஏ" "த" என்னும் சிறு சொற்களுக்கு நேரான வழக்கம் தமிழில் இல்லாமையால், அவற்றை மறந்துவிடுகிறது. அல்லது அச்சம் காரணமாக வேண்டாத இடத்திலும் தூவிவிடுகிறது. எல்லாவற்றிலும் பெரியது வினையெச்சம். "சந்தைக்குப் போய், மீன் வாங்கி, மாமி வீட்டிலே கொடுத்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தேன்" என்று தமிழன் அரைநாட் காரியத்தை ஒரே முற்றுவினையிலே தொங்கவிடுவான். அது தமிழின் அழகு. அதை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றும்போது "கோயிங், பையிங், கிவிங்" என்று ஒரு மாலை உண்டாகி, கடைசியில் முற்றுவினையைக் காணாமலே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது.

இதற்கு நான் கண்ட மருந்து எளிது. பிள்ளையை முதலில் தமிழிலேயே அறுத்துச் சொல்லப் பண்ணுவது. "சந்தைக்குப் போனேன். மீன் வாங்கினேன். மாமியிடம் கொடுத்தேன்." தமிழாக அது சற்று வறட்சிதான். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வினை, ஒவ்வொரு வினைக்கும் ஒரு ஆள் என்று ஆகிவிட்டால், ஆங்கிலத்தில் ஏற்றுவது பாதி வேலை. வாக்கியம் நின்ற பிறகு, எந்த இரண்டைச் சேர்க்கலாம் என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழிலே யோசிக்கக்கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்று சில புத்தகங்கள் உபதேசிக்கின்றன. வீட்டிலே ஒரு வாக்கியமும் ஆங்கிலம் கேளாத பிள்ளையிடம் அதைச் சொல்வது, நீந்தத் தெரியாதவனைப் பார்த்துக் கரையை மறந்துவிடு என்று சொல்வதுபோல.

பரீட்சைத் தாளின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பழைய வினாத்தாள்கள் வாசிகசாலையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நான் எழுதிய தாளில் ஏறக்குறைய 100 சொற்களில் ஒன்றும் 200 சொற்களில் ஒன்றும் எழுத வேண்டியிருந்தது. 200 சொல் என்றவுடன் பிள்ளைகள் மலைத்துப் போகிறார்கள். பத்துச் சொல் வாக்கியம் இருபது, அவ்வளவுதான். கடிதம் கேட்டால் கடிதமாக, பேச்சுக் கேட்டால் சபையை விளித்து எழுத வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வேண்டும்போலிருக்கிறது. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச்சு எழுதும்படி கேட்டபொழுது, மரங்களின் பயன் பற்றிப் பாடமாக்கிய கட்டுரையை எழுதி, ஈற்றில் "மரங்களுக்குத் தண்ணீர் வேண்டும்" என்று முடித்த ஒரு கெட்டிக்காரனும் நம் வகுப்பிலே இருந்தான்.

இங்கே என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் ஊருக்கு உபதேசமாகிவிடும்.

நான் மிஷனரிமார் ஆரம்பித்த ஒரு பாடசாலையிலே படித்தவன். காலைக் கூட்டத்தில் சைவப் பிள்ளைகளாகிய நாங்களும் நின்று ஆங்கிலக் கீதங்களைப் பாடினோம். பொருள் விளங்கியதோ இல்லையோ, ஓசை காதிலே பதிந்தது; அதற்கு நான் இன்றும் நன்றியுடையவன். எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அம்மையார் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாக்கியம் கேட்பார். பாடசாலைக்கு வரும் வழியில் அன்று கண்ட ஒன்றைப் பற்றி ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். "சூரியன் பிரகாசித்தது" என்று எழுதினால் ஏற்கமாட்டார். "இது எல்லாருடைய சூரியன். நீ கண்டதைச் சொல்லு" என்பார். ஒரு நாள் நான், "தபாற்கந்தோர் வாசலில் ஒரு நாய் வரிசையில் நின்றது" என்று எழுதினேன். இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே திருத்தி, வகுப்பிற்கு வாசித்துக் காட்டினார்.

அப்படிப் பயின்ற நான் பத்தாம் வகுப்பில் ரியூசனுக்குப் போனேன். அங்கே அச்சடித்த கட்டுரைகள் தந்தார்கள். நாற்பது கட்டுரைகளைப் பாடமாக்கினேன். பரீட்சையிலே அவற்றுள் ஒன்று, சிறு மாறுதலோடு, வந்தது. "ஏ" சித்தி கிடைத்தது. வீட்டிலே பொங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் தவணையில் ஒரு நாவலைப் பற்றி ஆயிரம் சொற்களில் எழுதிக்கொடுக்கும்படி கேட்டார்கள். மூன்று இரவு விழித்திருந்து, நூலகத்திலே பார்த்த மூன்று விமர்சனப் புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைப் பொறுக்கி, ஒட்டுத் தெரியாமல் ஒட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தபொழுது விரிவுரையாளர் பிழை ஒன்றும் திருத்தியிருக்கவில்லை. ஓரத்திலே பென்சிலால், "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் எங்கும் இருக்கவில்லை. தபாற்கந்தோர் நாயை எழுதிய பையனை நானே எங்கோ தொலைத்துவிட்டிருந்தேன். அவனைத் தேடிப் பிடிக்க ஒரு வருடம் சென்றது.

ஆங்கில இலக்கியத்துக்கு வருகிறேன். இது விரும்பினோர் எடுக்கும் பாடம். நகரப் பாடசாலைகளுக்கு வெளியே இதை எடுப்பவர் குறைவு. கற்பிக்க ஆளில்லாமையே முதற்காரணம். நமது வகுப்பிலே இவ்விரண்டு வருடமும் ஆறு பேர் எடுத்தார்கள். நான் படித்தபோதும் அவர்கள் படித்தபோதும் பாடத்திட்டத்திலிருந்த நாவல்களில் ஒன்று ஆர். கே. நாராயண் 1967இல் வெளியிட்ட "த வெண்டர் ஒஃப் சுவீற்ஸ்". மால்குடி என்ற கற்பனை ஊரில் இனிப்புக்கடை வைத்திருக்கும் ஜகன் என்பவரின் கதை. குறிப்புப் புத்தகத்தில் "ஜகன் ஒரு காந்தியவாதி, எளிமையானவர், நேர்மையானவர், மகன்மேல் பாசமுள்ளவர்" என்று வரிசையாக இருக்கிறது. ஆறு பேரும் அதை ஒப்புவித்தார்கள்.

"புத்தகத்தை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன். இருவர் வாசித்திருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி தயங்கித் தயங்கி, "அண்ணா, அவர் தான் சீனி சாப்பிடமாட்டார். நாக்கை அடக்கவேணும் எண்டு சொல்லுறார். ஆனால் சனத்துக்கு இனிப்பு விக்கிறார். அது என்ன ஞாயம்?" என்று கேட்டாள். மற்றவன் உடனே, "கடையில கீதை வாசிக்கிறார், ஆனால் பின்னேரம் வாற காசைக் கணக்கில காட்டாமல் வேறையா வைக்கிறார்" என்றான். அதன்பின் அரைமணி நேரம் வகுப்பு ஒரு நீதிமன்றமாயிற்று. நான் செய்தது ஒன்றே. யார் எதைச் சொன்னாலும், "எந்தப் பக்கத்தில் இருக்கிறது? காட்டு" என்று கேட்டேன். "நேர்மையானவர்" என்ற சொல்லை அழித்துவிட்டு, "தன்னை நேர்மையானவர் என்று நம்புகிறவர்" என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று சொல்தான் வித்தியாசம். ஆனால் அந்த நாவலே அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கிறது.

அதே நாவலில் ஜகனின் மகன் மாலி அமெரிக்காவுக்குப் போய் வந்து, கதை எழுதும் இயந்திரம் செய்து விற்கப்போவதாகச் சொல்லித் தகப்பனிடம் பணம் கேட்கிறான். 1967இல் அதை வாசித்தவர்கள் நகைச்சுவை என்று சிரித்திருப்பார்கள். இன்று அந்த இயந்திரம் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலே இருக்கிறது. தலைப்பைச் சொன்னால் முழுக் கட்டுரையையும் பிழையின்றி எழுதித் தருகிறது. மாலியின் இயந்திரத்தைப் பற்றிய வினாவுக்கு அந்த இயந்திரத்தையே கொண்டு விடை எழுதி வந்த பிள்ளையை நான் கண்டேன். கோபிக்க முடியவில்லை. பதினான்கு பேரை நுவரெலியாவுக்கு அனுப்பிய அச்சடித்த தாள் செய்ததும் இந்த வேலையைத்தானே. அதே கருவியிடம் "என் வாக்கியத்தில் பிழை எங்கே?" என்று கேட்டுத் திருத்திக்கொள்ளும் பிள்ளையும் வகுப்பில் உண்டு, அவளுக்கு அது ஆசிரியர் இல்லாத வீட்டில் ஓர் ஆசிரியர். பரீட்சை மண்டபத்துக்கு அது வராது என்பதை மட்டும் இருவருக்கும் நினைவூட்டினேன்.

ஒரு கவிதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதா விடுவதா என்று நேற்றிரவு வரை யோசித்தேன். யஸ்மின் குணரத்ன அவர்கள் எழுதிய "பிக் மட்ச் 1983" என்னும் கவிதையும் அந்தப் பாடத்திட்டத்தில் இருந்தது. 1935இல் பிறந்து 2024இல் காலமான இவ்வம்மையார் பண்டாரநாயக்க குடும்பத்தைச் சேர்ந்தவர். அவுஸ்திரேலியாவில் பேராசிரியராக விளங்கியவர். தலைப்பைக் கண்டவுடன் பையன்களுக்குப் பெரும் உற்சாகம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பிக் மட்ச் என்றால் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெற் போட்டியல்லவா? வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் இது 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தைப் பற்றிய கவிதை என்று விளங்கியது. வகுப்பிலே சத்தம் அடங்கிவிட்டது. "இதை எழுதினது சிங்கள ஆளோ?" என்று ஒருவன் இரண்டு முறை கேட்டான்.

குறிப்பிலே "கருப்பொருள்: இன வன்முறையின் பயனின்மை" என்று ஒரு வரி இருந்தது. விடையை அதோடு தொடங்கி அதோடு முடிக்கலாம். நான் அவ்வரியை மூடிவைத்துவிட்டு, வீட்டிலே பெரியவர்களிடம் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டு வரும்படி சொன்னேன். ஒரு பிள்ளையின் அம்மம்மா அப்பொழுது கொழும்பிலே இருந்தவர். கப்பலிலே காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் ஒருவர். நாற்பது வருடமாக அவர் அதைப் பற்றி அந்த வீட்டில் வாய் திறந்ததில்லையாம். பேத்தி கேட்டதும் இரவு முழுவதும் சொன்னாராம். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை மூன்று பக்கம் எழுதி வந்தாள். கண்ணீர் வரக்கூடிய எழுத்து. ஆனால் அன்பர்களே, அதிலே கவிதை இல்லை. கப்பல் இருந்தது, அம்மம்மா இருந்தார். வினாவிலே கேட்ட கவிதையை முதல் வாக்கியத்தோடு விட்டுவிட்டாள்.

அதற்கு எத்தனை புள்ளி போடுவது? பரீட்சகர் போடமாட்டார், போடவும் கூடாது. நான் அன்று செய்த பிழை எனக்கு அப்பொழுதுதான் தெரிந்தது. பிள்ளையைத் தன் வீட்டுக்கு அனுப்பினேன். கவிதைக்குத் திரும்பி வரும் வழியைக் காட்டவில்லை. இருவரும் மறுபடியும் உட்கார்ந்தோம். "அம்மம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, இந்தக் கவிதையில் எந்தச் சொல் உனக்கு முன்பு விளங்காமல் இப்போது விளங்குகிறது?" என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலைப்பைக் காட்டினாள். "மட்ச் எண்டால் பாக்கிற ஆக்கள் இருப்பினம்தானே அண்ணா. அம்மம்மாவும் அதைத்தான் சொன்னவ. றோட்டில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவையாம்" என்றாள். அந்த விடையை எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. கவிதையை ஒரு விளையாட்டின் பெயரால் ஏன் அழைத்தார் என்ற வினாவுக்கு அதைவிட நேரான விடையை நான் என் வகுப்பிலும் கேட்டதில்லை. பின்பு அதை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக்கினோம். ஒவ்வொன்றிலும் கவிதையின் ஒரு சொல்லைச் சுட்டும்படி. கப்பல் ஒரு வாக்கியத்திலே மாத்திரம் நின்றது.

இதற்காக ஒரு பெற்றார் என்மேல் குறைப்பட்டார். "தம்பி, பழசைக் கிளறாமல் சோதனைக்கு வேண்டியதைப் படிப்பியும்" என்றார். அவர் கவலையை நான் அசட்டை செய்யவில்லை. அவருடைய பிள்ளைக்குச் சித்தி வேண்டும். சித்தி இல்லாவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பத்திரம்தான் முன்னுக்கு வந்து நிற்கும். நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான்; மூன்று சொல்லைச் சேர்த்து எழுத முடியாதவன். அவனுக்கு நானே கடிதத்தின் அமைப்பையும் பத்து வாக்கியங்களையும் பாடமாக்கிக் கொடுத்தேன். 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி, அதை எட்டிவிட்டான். ஆகவே மனனம் செய்வதையே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வெங்காயச் சந்தையை எழுதிய பையனுக்குப் பரீட்சையில் "சி"தான் கிடைத்தது என்பதையும், நுவரெலியாவுக்குப் போனவர்களில் இருவருக்கு "ஏ" கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் இப்பொழுது உயர்தரம் படித்துக்கொண்டே ஒரு நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வருகிறான். யாரும் கேட்டு எழுதவில்லை. "ஏ" எடுத்த இருவரையும் அண்மையில் சந்தித்து ஆங்கிலத்தில் ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்கள்.

நம்மவருக்கு எதற்கு இவ்வளவு ஆங்கிலம் என்று கேட்கும் பெரியவர்களும் இச்சபையில் இருக்கிறார்கள். ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையிலும் உதவினார். பிறர் நூலை அவ்வளவு நெருங்கி நின்று வாசித்தவர் தம் வாக்கியத்தை யாரிடமும் இரவல் வாங்கவில்லை. இதற்குமேல் அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை.

கடைசியாக, நமது செயற்குழுவின் முன் இப்பொழுது ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த பரீட்சைக்கு முன்பாக ஐம்பது மாதிரிக் கட்டுரைகளை அச்சிட்டு நம் பகுதிப் பாடசாலைகளுக்கெல்லாம் இலவசமாக வழங்குவது. யோசனையைக் கொண்டுவந்த அண்ணர் நல்ல மனத்தோடுதான் கொண்டுவந்தார். பணம் தருவதற்கு வெளிநாட்டு அன்பர் ஒருவரும் இருக்கிறார். இருந்தும் நான் இதை வெளிப்படையாக எதிர்க்கிறேன். ஐம்பது கட்டுரை என்றால் ஐம்பது நுவரெலியா. அதே பணத்தில் நல்ல ஆங்கிலத் தமிழ் அகராதிகள் வாங்கி ஒவ்வொரு பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கொடுக்கலாம். பாடநூலிலுள்ள நாவலில் சில பிரதிகள் வாங்கலாம். மாதிரிக் கட்டுரை வேண்டுமென்றால் இரண்டு போதும். அவற்றைப் பாடமாக்காமல், வகுப்பிலே பிரித்துப் போட்டு, எழுதியவர் எங்கே தொடங்கினார், எதை விட்டார், எந்த இடத்தில் அலுப்புத் தட்டுகிறது என்று பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமான தேவை கொப்பி வாசிக்க ஆட்கள். நான் ஒரு மாலையில் ஒழுங்காக வாசித்துத் திருத்தக்கூடியது பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு கொப்பி. வகுப்பில் இப்பொழுது முப்பத்தொரு பிள்ளைகள். நான் அடுத்த மாதம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிடுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியிலும் கந்தோரிலும் வேலை செய்கிறவர்கள், உயர்தரம் முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் யாராக இருந்தாலும் கிழமைக்கு ஒரு மாலை தந்தால் போதும். ஆங்கிலத்தில் பெரும் புலமை வேண்டியதில்லை; பிள்ளை எழுதியது விளங்காத இடத்தில் "இது எனக்கு விளங்கவில்லை, என்ன நடந்தது?" என்று எழுதத் தெரிந்தால் காணும். விருப்பமுள்ளவர்கள் இன்று தேநீர் வேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வரும்போது சிவப்பு மைப் பேனை வேண்டாம். பென்சில் கொண்டுவந்தால் நல்லது.